ஏப்ரல் மாதத் தண்ணீர்

ஏப்ரல் 24, வியாழன்

பாப்பாவின் நீச்சல் போட்டி. நான்காவதாக வந்தாள். மூன்றாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் ஒரு கை நீளம்தான் வித்தியாசம். அழுவாள் என்று நினைத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "போன தடவ எட்டாவதும்மா, பாதியாக் கொறச்சிட்டேன்" என்றாள். பதினாலு வயதில் எனக்கு இந்த மனசு இருந்ததா? கிடையாது.

இதற்கு முந்தைய இரண்டு போட்டிகளுக்கும் நான் போகவில்லை. இரண்டுமே உப்பங்கழியில் பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கிற நாளில் வந்து தொலைத்தன. இன்றும் அதே கதைதான். இந்த முறை மாதிரிதான் காத்திருக்கட்டும் என்று போய்விட்டேன். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். கழி எங்கே ஓடிவிடப் போகிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

நாள் முழுக்கக் கூட்டம். எங்கள் ஆய்வுக்கூடத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'கமா'. வாக்கியத்தை முடிக்கவே மாட்டார், கமா போட்டுப் போட்டு நீட்டிக்கொண்டே போவார். இன்று நான்கரை மணிக்குத்தான் புள்ளி வைத்தார். படகுக்குப் போக முடியவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

மாத அறிக்கை நாளைக்கு அனுப்ப வேண்டும். ஐந்து இடங்களின் ஆக்சிஜன் அளவு இல்லாமல் அட்டவணை பல் போன வாய் மாதிரி இருந்தது. போன வருஷ ஏப்ரல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைசி இலக்கத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதிவிட்டேன். 6.3, 6.1, 6.4, 6.2, 6.0. இந்த மாதத்தில் எப்போதும் இதுதான் இருக்கும். பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

படகுப் பதிவேட்டில் படகுக்காரரின் கையெழுத்து வேண்டும். துறைக்குப் போய் வாங்கி வந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. போட்டார்.

மே 2, வெள்ளி

காலை ஐந்தே முக்காலுக்குப் படகுக்காரரிடமிருந்து போன். வந்து பாருங்க மேடம் என்றார், என்னவென்று சொல்லவில்லை.

கரை வெள்ளையாக இருந்தது. நுரை என்றுதான் முதலில் நினைத்தேன். வண்டியிலிருந்து இறங்கி நாலடி வைத்த பிறகுதான் கண்கள் தெரிந்தன. மடவை, கெளுத்தி, கொடுவா, பெயர் தெரியாத பொடிகள். கழி கடலில் சேரும் இடத்திலிருந்து வடக்கே ஏழு கிலோமீட்டர் என்கிறார்கள். வாய் திறந்து, செவுள் விரிந்து கிடந்தன. பெரிய மீன்கள்தான் அதிகம். பெரிய உடம்புக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும், அதனால் அவை முதலில் போகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன்.

பாட்டிலில் தண்ணீர் பிடித்து மருந்தை விட்டேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகப் படியும். வெள்ளையாகப் படிந்தது. நான்கு பாட்டிலிலும் வெள்ளை.

படகுக்காரரின் தம்பி கழியில் மூன்று கூண்டு போட்டுக் கொடுவா வளர்க்கிறார். எட்டு மாத வளர்ப்பு. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒவ்வொரு மீனாக எடுத்துப் பார்த்துப் பார்த்துக் கரையில் போட்டார், ஏதாவது ஒன்று துள்ளிவிடாதா என்கிற மாதிரி. ஒன்றும் துள்ளவில்லை. படகுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 3, சனி

சாப்பிட முடியவில்லை. நாற்றம் தலைமுடியில் ஏறிவிட்டது. இரண்டு முறை குளித்தேன்.

ஊரெல்லாம் ஐஸ் ஃபேக்டரி பேச்சு. முப்பதாம் தேதி அங்கே அம்மோனியா கசிந்திருக்கிறது. அரை மணி நேரம் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டதாம். குளிர்விக்கும் குழாயின் மூட்டு ஒன்று விட்டுப்போய், மெக்கானிக் அதைச் சரிசெய்திருக்கிறார். கரையோரத் தண்ணீரிலும் இன்று அம்மோனியா எக்கச்சக்கம். ஆனால் செத்த மீன் அழுகினாலும் அம்மோனியா வரும். இதைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

மே 5, திங்கள்

தலைமையகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னப் பெண். வந்ததும் வராததுமாகப் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். கமா சார் பளபளவென்ற ஷூவோடு கரையில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

மதியம் கூட்டம். கமா சார் என் ஏப்ரல் அட்டவணையைத் திரையில் போட்டார். மீன் சாவதற்கு எட்டு நாளைக்கு முன்னால் ஆக்சிஜன் ஆறு புள்ளி மூன்று, மார்ச்சில் ஐந்துதான், அப்படியென்றால் தண்ணீர் தேறி வந்துகொண்டிருந்தது, தேறி வந்த தண்ணீர் ஒரே நாளில் செத்துப்போகாது, ஆகவே வெளியிலிருந்து ஏதோ கலந்திருக்கிறது, என்று நீட்டினார். அந்த அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஐஸ் ஃபேக்டரியின் தகரக் கூரை தெரியும். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

அதிகாரி மட்டும் திரையைப் பார்த்தபடி, "இதை யார் எடுத்தது?" என்றார்.

நான்தான் என்றேன்.

"எத்தன மணிக்கு?"

"ஏழு."

ஒரே ஒரு சொல். நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

மே 7, புதன்

மெக்கானிக்கைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவருக்கு எதிரான சாட்சி அவருடைய பதிவேடே. கசிவு எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்த மூட்டு, எத்தனை மணிக்கு நின்றது, எல்லாவற்றையும் நிமிஷக் கணக்காக எழுதி வைத்திருந்தாராம். முதலாளி அதை அப்படியே எடுத்து நீட்டி, ஆள் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டார்.

அந்த மனிதர் நடந்ததை எழுதினார். உள்ளே இருக்கிறார். நான் நடக்காததை எழுதினேன். சாயங்காலம் வந்து பாப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

மே 9, வெள்ளி

இந்த நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன். 29ஆம் தேதியில் 'ஒன்றும் கேட்கவில்லை. போட்டார்' என்று எழுதியிருக்கிறேன்.

பொய். யாரும் படிக்காத நோட்டில்கூடப் பொய்.

படகுக்காரர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி சரியில்ல மேடம். நாலு நாளா நண்டெல்லாம் துறைப் படிக்கட்டுல ஏறி உக்காந்திருக்கு. நாளைக்குக் காலைல ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரலாமா?" என்று கேட்டார். தண்ணீரில் மூச்சு விட முடியாதபோதுதான் நண்டு மேலே வரும். எனக்குத் தெரியும். அந்த இடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் என்ன சொன்னேன்? வெயில் காலம், அப்படித்தான் இருக்கும்ணே, கையெழுத்துப் போடுங்க, நேரமாச்சு என்றேன்.

அப்போதுகூட மூன்று நாள் இருந்தது. அளந்திருந்தால் எச்சரிக்கை போயிருக்கும். கூண்டுகளை இழுத்துக்கொண்டு போய்க் கழிமுகத்துக்கு வெளியே கடலோரம் கட்டியிருப்பார்கள். மற்ற மீன்களை என்னால் காப்பாற்றியிருக்க முடியாது. கூண்டில் இருந்தவற்றைக் காப்பாற்றியிருக்கலாம்.

ஏன் அப்படிச் சொன்னேன்? போய் அளந்து, எண் வேறாக வந்துவிட்டால் அறிக்கையைத் திருத்த வேண்டுமே என்றா? அவ்வளவுதானா? அவ்வளவுதான் போல.

மே 12, திங்கள்

அதிகாரி இன்று ஏப்ரல் மாத வடிதாள்களைக் கேட்டார். ஒவ்வொரு மாதமும் ஒரு லிட்டர் தண்ணீரை வட்டத் தாளில் வடிகட்டி, படிந்த பாசியோடு அலுமினியத் தாளில் பொதிந்து ஃப்ரீசரில் வைப்போம். பாசி எவ்வளவு இருந்தது என்பதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஏப்ரலுக்குத் தாள் இல்லை. எங்கிருந்து இருக்கும்?

தேடி எடுத்துத் தருகிறேன் என்றேன். எல்லோரும் சாப்பிடப் போன நேரம். போன வருஷ ஏப்ரல் பொட்டலங்கள் ஐந்தையும் எடுத்தேன். பழைய அலுமினியத் தாளைக் கழற்றினேன், புதியதில் சுற்றினேன், இந்த வருஷத் தேதியை எழுதினேன். எழுத்து அழகாக வந்தது. எனக்கு எப்போதும் எழுத்து அழகு. மூன்று மணிக்கு அவர் கையில் கொடுத்தேன். நன்றி மேடம் என்றார்.

29ஆம் தேதி செய்தது சோம்பேறித்தனம் என்று இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இதற்கு என்ன பெயர் வைக்க?

மே 13, செவ்வாய்

மெக்கானிக்கின் மனைவி வந்திருந்தார்.

வாசல் காவலாளி உள்ளே விடவில்லை. சத்தம் கேட்டு நான் வெளியே போனேன். கையில் ஒரு பழைய ஜூஸ் பாட்டில், அதில் தண்ணீர். ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கிற வாய்க்காலில் தானே இறங்கிப் பிடித்தாராம். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. வீட்டு ஜன்னலில் யாரோ கல் எறிந்திருக்கிறார்கள் என்பதையும் காவலாளிதான் சொன்னார், அந்த அம்மா சொல்லவில்லை.

"இதுல அது இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க எழுதுறதத்தான் எல்லாரும் நம்புறாங்க" என்றார்.

வாங்கிக்கொண்டு உள்ளே வந்து பரிசோதனை செய்தேன். அம்மோனியா ரொம்பக் குறைவு. ஆனால் அது எதற்கும் உதவாது. இரண்டு வாரம் கழித்து எடுத்த தண்ணீர், அதுவும் ஜூஸ் பாட்டிலில். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ரொம்பக் கம்மியாத்தாம்மா இருக்கு என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார்.

ஐயோ. என்னையா? என்னையா கும்பிடுறது?

பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு குழாயைத் திறந்துவிட்டேன். எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியல.

மே 14, புதன்

முதலில் படகுக்காரரிடம் போனேன். அவர் கையெழுத்தும் அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் அவரும் மாட்டுவார். பதினோரு வருஷமாக எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் படகு ஓட்டுகிறார்.

ஒயர் நாற்காலியில் உட்கார்ந்து கயிறு பிரித்துக்கொண்டிருந்தார். சொல்லப் போகிறேன் என்று சொன்னேன். கயிற்றை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"என் தம்பி எங்கிட்ட தெனமும் கேக்குறான். ஏண்ணே, மாசாமாசம் அளக்குறீங்களே, முன்னாடியே தெரியலையான்னு. நான் என்ன பதில் சொல்றது? நானும் ஐஸ் ஃபேக்டரின்னே சொல்லிக்கிட்டிருக்கேன்."

நான் கிளம்பும்போது சொன்னார்: "நீங்க எங்கிட்ட கேக்காமலே போய்ச் சொல்லியிருந்தா உங்கள மன்னிச்சிருக்க மாட்டேன். சொல்லுங்க. என் பேரையும் சேத்தே சொல்லுங்க."

பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டது நான். வேண்டாமென்று சொல்ல முடியாத ஆளிடம் கேட்டேன். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மே 15, வியாழன்

கமா சாரிடம் எழுத்தில் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்ப வந்து மறுபடி படித்தார்.

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். குரலைத் தாழ்த்தி ரொம்ப அன்பாகப் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. ஒரு மாதக் கணக்குக்காக இந்த நிலையத்தின் பதினெட்டு வருஷக் கணக்கையும் சந்தேகப்படுவார்கள், உங்களோடு சேர்த்து எல்லோர் வேலையும் ஆடிப்போகும், அந்த மெக்கானிக் விஷயம் எப்படியும் கோர்ட்டில் நிற்காது, இரண்டு மாதத்தில் விட்டுவிடுவார்கள், உங்களுக்கும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது, என்று அடுக்கினார். அந்தத் தாளை நாலாக மடித்து மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

வெளியே வந்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. சொல்லிவிட்டேன் அல்லவா, இனிமேல் அவர் பாடு என்று ஒரு நிம்மதி. வீடு வந்து சேரும் வரை அது இருந்தது. படி ஏறும்போது பக்கத்து வீட்டு அக்கா வழக்கம்போல, என்ன இன்னிக்குச் சீக்கிரம் என்றார். வேலை முடிஞ்சிருச்சுக்கா என்றேன். முடியவில்லை.

மே 16, வெள்ளி

அதிகாரி தங்கியிருக்கும் விடுதிக்குக் காலையிலேயே போனேன். ஈரத் தலையோடு கதவைத் திறந்தார். நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். மாதிரி எடுக்கப் போகவில்லை. எண்கள் போன வருஷத்தினுடையவை. தாள்களும் போன வருஷத்தினுடையவை. நண்டு ஏறுவதாகப் படகுக்காரர் சொன்னார், நான் தட்டிக்கழித்தேன். கையெழுத்து நான் கேட்டு வாங்கியது.

அவர் துண்டால் தலையைக் கட்டிக்கொண்டு நோட்டை எடுத்தார். பிறகு, "அந்தப் பொட்டலத்த இன்னும் நான் பிரிக்கல. பிரிச்சிருந்தாலும் கண்டுபிடிச்சிருப்பேனான்னு தெரியல" என்றார்.

அதாவது தப்பித்திருப்பேன். ஒருவேளை முழுசாகத் தப்பித்திருப்பேன்.

நண்டு என்றைக்கிலிருந்து ஏறியது என்று தேதி கேட்டுக் குறித்துக்கொண்டார். இதற்கு முன்னால் எப்போதாவது இப்படிச் செய்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மே 19, திங்கள்

இல்லை என்றேன். உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நவம்பரில் ஒரு நாள். மழை கொட்டியது, ஐந்தாம் இடத்துக்குப் போகாமல் நான்காம் இடத்து எண்ணையே அதற்கும் எழுதினேன். வெள்ளிக்கிழமை கேட்டபோது சத்தியமாக நினைவில்லை. நேற்றுப் பாத்திரம் கழுவும்போது வந்தது. சத்தியமாக நினைவில்லையா? அப்படித்தான் நம்புகிறேன். என் நம்பிக்கைக்கு இப்போது என்ன மதிப்பு.

போய்ச் சொன்னேன். அதிகாரிக்கு இந்த முறை முகம் சுருங்கியது. பதினெட்டு வருஷப் பதிவேடுகளையும் மேஜையில் அடுக்கி, நான் நேரில் போய் எடுத்த எண்களுக்கு எதிரில் மட்டும் கையெழுத்துப் போடச் சொன்னார். இன்று மூன்று வருஷம் முடிந்தது. சில பக்கங்களில் அன்றைய காற்று, படகில் வந்தவர்கள், எல்லாம் நினைவிருக்கிறது. சில பக்கங்களில் என் எழுத்தே எனக்கு அந்நியமாக இருக்கிறது.

வீட்டில் இவரிடம், பாப்பாவின் அப்பாவிடம், சனிக்கிழமைதான் சொன்னேன். நான் சொன்ன விஷயத்தைவிட, நான்காவது ஆளாகத் தன்னிடம் சொன்னதுதான் இவரைச் சுட்டது. "படகுக்காரருக்கு அடுத்தாவது என்கிட்ட வந்திருக்கலாம்ல" என்றார். அதற்குப் பிறகு தேவைக்கு மேல் பேசுவதில்லை. காபி மட்டும் போட்டு வைக்கிறார்.

மே 22, வியாழன்

மெக்கானிக்கை விட்டுவிட்டார்கள். என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். ஒரே நாளில் இரண்டும்.

மே 26, திங்கள்

வீட்டில் இருக்கிறேன். செய்தி பாப்பாவின் நீச்சல் குளம் வரை போய்விட்டது.

பாப்பா ஒரு வாரமாக நீச்சல் பயிற்சிக்குப் போகவில்லை. கேட்டால் தலைவலி என்கிறாள், கால்வலி என்கிறாள். இன்று வற்புறுத்திக் கேட்டபோது, சுவரைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு என் போட்டிதானம்மா?" என்றாள்.

மூன்று வாரமாக என் பாவத்தை நான் தனியாகச் சுமக்கிறேன் என்று ஒரு நினைப்பு. குழந்தை தலையில் பாதியை இறக்கி வைத்திருக்கிறேன்.

உனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். நம்பவில்லை. ஏன் நம்புவாள்? அன்றைக்குப் போட்டி முடிந்ததும், "உனக்காகத்தான் வேலைய விட்டுட்டு வந்தேன்" என்று அவள் காதில் சொன்னவள் நான்தானே. எனக்கே நான் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். இந்த நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

வேறு வழியில்லாமல் மிச்சத்தையும் சொன்னேன்.

"உன் போட்டி பதினோரு மணிக்கு முடிஞ்சிருச்சு பாப்பா. படகு துறையில சும்மாத்தான் நின்னுச்சு. உன்னப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு நேரா வீட்டுக்கு வந்து ஃபேனப் போட்டுத் தூங்கிட்டேன். நாலு மணி வரைக்கும். உன்னால இல்ல. தூக்கம் வந்துச்சு, தூங்குனேன்."

சுவரிலிருந்து என் பக்கம் திரும்பினாள். "அப்ப எனக்காகன்னு சொன்னது?"

"எனக்கு ஒரு சாக்கு வேணும்ல."

எழுந்து அறைக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்தினாள். சாப்பிட வரவில்லை. கோபமாக இருக்கிறாள். இருக்கட்டும். கோபம் அவளுக்கு, மற்றதெல்லாம் எனக்கு.

மே 29, வியாழன்

பயிற்சிக்குப் போனாள். என்னிடம் சொல்லாமல், அப்பாவோடு போனாள்.

ஜூலை 3, வியாழன்

அறிக்கை வந்துவிட்டது. அதிகாரி எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார், கடிதம் எதுவும் இல்லாமல்.

நகரச் சாக்கடையைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் பிப்ரவரிக் கடைசியிலேயே பெரிய பம்ப் நின்றுபோயிருக்கிறது. பத்து வாரம் சாக்கடை அப்படியே கழிக்குள் போயிருக்கிறது. அதைத் தின்று பாசி பெருகியது. பாசி பகலில் ஆக்சிஜனைத் தரும், இருட்டினால் தானே குடித்துவிடும். காற்றில்லாத வெப்பம் வேறு. விடிவதற்குள் மீன்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. பிப்ரவரியில் ஆறு, மார்ச்சில் ஐந்து என்று இறங்கிய ஆக்சிஜன் எண்ணும், மார்ச் வடிதாளின் பச்சையும், படகுக்காரர் சொன்ன நண்டும் சாட்சி. என் ஏப்ரல் மட்டும் நடுவில் புகுந்து, தண்ணீர் தேறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது. இரண்டு வாரம் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு தப்பான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

ஐஸ் ஃபேக்டரிக் கசிவுக்கும் மீன்கள் இறந்ததற்கும் தொடர்பில்லை. பக்கம் 41.

ஜூலை 6, ஞாயிறு

மெக்கானிக்கின் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. உடைந்த ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தது. ஃபேக்டரியில் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை, குடும்பத்தோடு மனைவியின் அக்கா ஊருக்குப் போய்விட்டார் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். நீங்க யாரு என்று கேட்டார்கள். தெரிந்தவர் என்றேன். அவர் என்னைப் பார்த்ததுகூடக் கிடையாது.

ஆகஸ்ட் 20, புதன்

உத்தரவு வந்தது. வேலை போகவில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து நீக்கித் தபால் பிரிவில் போட்டிருக்கிறார்கள். இனி எந்த அளவீட்டிலும் நான் கை வைக்கக் கூடாது. சரியான தண்டனை. என் கையைத்தான் எனக்கும் நம்ப முடியவில்லை.

படகுக்காரரின் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள். நான் கேட்டு வாங்கிய கையெழுத்து என்று மூன்று முறை எழுதிக்கொடுத்தேன். எடுபடவில்லை. தம்பியோடு சேர்ந்து புதுக் கூண்டு கட்டுகிறாராம். தம்பியிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். இரண்டு மாதம் பேசாமல் இருந்து இப்போதுதான் பேசுகிறார்களாம். இதெல்லாம் அவர் மனைவி கடைத்தெருவில் சொல்லித் தெரியும். அவர் என்னைப் பார்த்தால் தலையசைப்பார். நிற்க மாட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி

இவர் இன்று தானாகப் பேச்செடுத்தார். வெங்காயம் உரித்துக்கொண்டே, தபால் பிரிவில் மின்விசிறி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கு, சுத்தாது என்றேன். சிரித்தார். நாலு மாதத்துக்குப் பிறகு.

நவம்பர் 4, செவ்வாய்

தபால் பிரிவில், பதில் போகாத கடிதங்கள் என்று ஒரு கட்டு கிடக்கிறது. யாரும் தொட மாட்டார்கள். இன்று பிரித்து அடுக்கினேன். ஒரே கையெழுத்தில் மூன்று கடிதங்கள், ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். மெக்கானிக் எழுதியவை.

புதிதாக வேலை கேட்கும் இடங்களில், மீன் சாவு வழக்கில் பிடிபட்டவர்தானே நீங்கள் என்கிறார்களாம். தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அறிக்கையில் இருக்கும் பக்கத்தை மட்டும் முத்திரை வைத்து அனுப்பினால் உதவியாக இருக்கும் என்று எழுதியிருக்கிறார். முதல் கடிதம் ஒரு பக்கம். மூன்றாவது நாலே வரி.

நாற்பத்தொன்றாம் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு கமா சாரிடம் போனேன். அந்த மே மாதத்துக்குப் பிறகு அவர் அறைக்குள் போவது இதுதான் முதல் தடவை. இழுப்பறையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். அவர் கையெழுத்துப் போட்டார், முத்திரை வைத்தார். தபாலில் போட மனம் வரவில்லை. அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

இரண்டரை மணி நேரம். ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்ன வீடு. அவரேதான் வந்தார். உயரமாக, நரை விழுந்து, கையில் கிரீஸோடு. நான் யாரென்று சொன்னேன். ஏப்ரல் கணக்கு எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். மன்னிப்புக் கேட்க ஏதேதோ யோசித்து வைத்திருந்தேன், பஸ்ஸில் வரும்போதுகூட. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு காகிதத்துக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

வெளிச்சத்தில் பிடித்து முழுவதும் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"முத்திரை தெளிவா இல்லீங்க" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். மை போதவில்லை. நிலையத்தின் பெயரில் பாதி விழவேயில்லை. அவர் சொன்னது சரிதான்.

"வேற கொண்டுவரேன்."

"எப்ப?"

"நாளைக்கு."

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்தது. இந்த முறை கும்பிடவில்லை. அதுவே எனக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

நவம்பர் 5, புதன்

புது மைப்பெட்டி வாங்கி, மூன்று வெற்றுத்தாளில் வைத்துப் பார்த்து, நன்றாக விழுந்த பிறகே வைக்கச் சொன்னேன். கமா சார் ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டேன், ஒன்று தொலைந்தாலும் இருக்கட்டும் என்று.

மறுபடி பஸ் ஏறிப் போனேன்; மெக்கானிக் நேற்றைப் போலவே வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். முத்திரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். இரண்டையும் மடிக்காமல் ஒரு அட்டைக்குள் வைத்தார். வெள்ளிக்கிழமை ஒரு பால் பண்ணையில் நேர்காணலாம், குளிர்சாதன அறைக்கு ஆள் எடுக்கிறார்களாம்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சே காலுக்கு ஒரு நேர் பஸ் இருக்கு. அத விட்டா ரெண்டு எடத்துல மாறணும். இப்பக் கெளம்பினாப் புடிச்சிரலாம்."

கிளம்பினேன். பிடித்துவிட்டேன்.